களை பிடுங்க வந்தவர் பயிரைப் பிடுங்கினால்

நெல், மரக்கறிச் செய்கையாளருக்குச் சில குறிப்புக்கள்

கமத்தொழிலில் நட்டம் விளைவிப்பன பல. வரட்சி, வெள்ளம், பூச்சி, நோய் என்பவற்றைப் பற்றிப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. ஆயினும் கமக்காரர் பலர் எம்மிடம் மனம் நொந்து முறையிடுகின்ற நட்டம் வேறொன்றுண்டு. களை பிடுங்கவோ, வேலி திருத்தவோ, தோட்டந் துப்புரவு செய்யவோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர், உடையவரைக் கேளாமல், நிற்க வேண்டிய செடிகளையும் அகற்றிவிடுதலே அதுவாகும். உடையவர் மாலையில் வந்து பார்க்கும்போது பாத்தி வெறுமையாகக் கிடக்கும். அவ்வேளையில் எழுகின்ற சினத்தினாற் சொல்லப்படும் சொற்கள், போன செடியை மீட்பதில்லை. பல ஆண்டு பழகிய வேலையாளையும் இழக்கச் செய்கின்றன. இன்று வயலிலும் தோட்டத்திலும் கைவேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டமையால் அவ்விழப்புச் சிறியதன்று.

இத்தகைய வேளையிற் செய்யத்தக்கன யாவை, மறுமுறை நிகழாமற் காத்தல் எங்ஙனம் என்பவற்றை இங்கு கூறுவாம்.

1. முதலிற் செடியைக் கவனிக்க

விசாரணை பின்னரும் செய்யலாம். பிடுங்கிய செடியின் வேர் வெயிலிற் காய்ந்துவிட்டால் அதனை மீட்க முடியாது. ஆதலின் பிடுங்கியவற்றை உடனே பொறுக்கி நிழலிற் சேர்த்து, ஈரச் சாக்கினால் வேர்ப்பகுதியை மூடுக. பின்னர் அவற்றைப் பயிர்வாரியாகப் பிரிக்க.

மீள நடத்தக்கவை: கத்தரி, மிளகாய், தக்காளி, கோவா முதலிய நாற்றுமேடைப் பயிர்கள் ஒருமுறை பெயர்த்து நடப்பட்டவையே. இளஞ் செடிகளாயின் இரண்டாம் முறையும் அவை பிழைத்தல் கூடும். பெரிய இலைகளிற் பாதியைக் கிள்ளி அகற்றி, வெயில் தாழ்ந்த பின் நட்டு, வேரைச் சுற்றி மண்ணை நன்கு அமுக்கி, நீர் ஊற்றுக. மூன்று நான்கு நாட்களுக்குக் கிடுகு, பனையோலை, வாழை மடல் என்பவற்றால் நிழல் கொடுக்க வேண்டும். தக்காளியின் தண்டிலிருந்து புதுவேர் தோன்றும் இயல்பு உண்டாதலால் அதனை முன்னிருந்ததிலும் ஆழமாக நடலாம். பூவும் பிஞ்சும் இருப்பின் கிள்ளிவிடுக. வேர் பிடிக்கும் வரை செடிக்கு அவை சுமையாகும்.

சின்ன வெங்காயம் நட்டு மூன்று கிழமைக்குள் பிடுங்கப்பட்டதாயின் அன்றே திரும்ப ஊன்றலாம். காய் திரளத் தொடங்கிய பின் பிடுங்கப்பட்டதைத் தாளுடன் சமையலுக்கு விற்றுவிடுதலே நன்று.

மீள நட்டுப் பயனில்லாதவை: பயற்றை, வெண்டி, பூசணி, பாகல், புடோல் என்பன வேர் குலைந்தாற் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கரற், முள்ளங்கி முதலியன பிழைத்தாலும் கிழங்கு கிளைத்து விலைபோகாதவாறு ஆகும். இவற்றின் இடத்திற் புதுவிதை ஊன்றுவதே வழி. நாட்கள் பல சென்றிருப்பின், அவ்விடத்திற் குறுகிய காலக் கீரையை விதைத்துப் பாத்தியை வெறுமையாக விடாது காக்க.

நெல்வயலில் இடைவெளி விழுந்தால், நட்டு அல்லது முளைத்து இரண்டு கிழமைக்குள் நெருக்கமாக நிற்கும் இடத்திலிருந்து அதே வயதுப் பயிரைப் பிரித்தெடுத்து நடுக. அதன்பின் புதிதாக விதை எறிந்து நிரப்புதல் கூடாது. முன்னதும் பின்னதும் வெவ்வேறு காலத்தில் முற்றுவதால் அறுவடையிற் பச்சை மணி கலந்து நெல்லின் தரம் குறையும். சிறு இடைவெளியை அயலில் நிற்கும் பயிரின் மட்டங்களே ஓரளவு மூடிவிடும்.

2. ஏன் பிடுங்கினார் என அறிக

செடிகளைச் சேமமாக வைத்த பின் வேலையாளிடம் அமைதியாகக் கேட்க வேண்டும். பிறர் முன்னிலையில் உரத்துக் கேட்டால் அவர் தம்மைக் காத்துக்கொள்ள எண்ணுவாரேயன்றி, நடந்ததை உள்ளபடி சொல்ல மாட்டார். "தம்பி, இந்தப் பாத்தியில் நின்றவற்றை ஏன் எடுத்தீர்? எடுத்தவை எங்கே கிடக்கின்றன?" என்னும் இரு வினாக்கள் தொடக்கத்திற்குப் போதும்.

எமது அனுபவத்தில், கிடைக்கின்ற விடை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: களையென்று எண்ணிப் பிடுங்கியமை, நோயுற்றது அல்லது பட்டுப்போனது என்று எண்ணிப் பிடுங்கியமை, தமக்குப் பயன்படும் என்று எடுத்துச் சென்றமை. இம்மூன்றையும் ஒரே குற்றமாகக் கொள்ளுதல் தவறு.

3. களையென்று எண்ணிப் பிடுங்குதல்

நெல்வயலில் இது எளிதில் நேரும். கோழிச்சூடன், நெற்சப்பி முதலிய பெயர்களால் வழங்கும் புல் இளமையில் நெற்பயிரைப் பெரிதும் ஒத்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. இலைத்தாளும் தண்டைச் சுற்றிய உறையும் சேரும் இடத்தை விரலால் மெல்லப் பிரித்து நோக்குக. நெல்லாயின் அங்கு மெல்லிய வெண்சவ்வு ஒன்றும், மயிருள்ள இரு சிறு காதுகளும் காணப்படும். கோழிச்சூடனில் இவ்விரண்டும் இல்லை. கோரையினத்தை அறிதல் இன்னும் எளிது: அதன் தண்டை விரலிடை உருட்டினால் முக்கோணமாய் இருத்தல் புலப்படும்.

களைநெல் இவ்வழியால் அகப்படாது. அதுவும் நெல்லே ஆதலின் சவ்வும் காதும் அதற்கும் உண்டு. பொதுவாக அது பயிரிலும் உயர்ந்து வளர்ந்து, முன்னரே கதிர் தள்ளி, மணி முற்றியவுடன் உதிர்ந்துவிடும். ஆகையால் இளம்பருவத்தில் "இது களைநெல்" என்று ஊகித்துப் பிடுங்குமாறு எவரையும் ஏவற்க. கதிர் தோன்றியபின், மணி உதிருமுன், அடையாளங் கண்டு அகற்றுவித்தலே தகும்.

இன்று நம் நாட்டின் பெரும்பாலான வயல்கள் நாற்று நடப்படாமல் விதைக்கப்படுவனவாம். எறிந்து விதைத்த வயலில் வரிசை இல்லை; பயிரெது களையெது என்று காட்டும் ஒழுங்கும் இல்லை. அங்கு களை பிடுங்கும் வேலை, வரிசையாக நட்ட வயலிற் செய்வதைவிடக் கூடிய பழக்கம் வேண்டுவது. வீட்டுத் தோட்டத்திற் கொத்திப் பழகியவரை வயலில் இறக்கிவிட்டுப் பிழையை அவர் தலையிற் சுமத்துதல் முறையாகாது.

மரக்கறித் தோட்டத்தில் வரிசையே பெரும் பாதுகாப்பு. வரிசைக்கு வெளியே நிற்பதை அகற்றுக என்று சொல்லிவிட்டால் தவறு குறையும். வெங்காயம் முதலிய மேலோட்டமான வேருள்ள பயிர்களில், களையை இழுக்கும்போது அயலிலுள்ள பயிரும் கூடவே எழுந்துவிடும். ஆதலால் ஒரு கையாற் பயிரின் அடியை அழுத்திக்கொண்டு மறு கையாற் களையை எடுக்கச் சொல்லுக. உளவாரையைப் பயிரின் அடிக்கு இரண்டு அங்குலத்திற்கு உள்ளே செலுத்த விடற்க.

கையாற் பிடுங்காமற் களைநாசினியாற் பயிர் அழிதலும் இவ்வகையைச் சேர்ந்ததே. நெல்வயலின் அகன்ற இலைக் களைகளுக்கும் கோரைக்கும் உரிய எம். சி. பி. ஏ. போன்ற மருந்து, காற்றில் அள்ளுண்டு அயலிலுள்ள தக்காளி, பயற்றை என்பவற்றிற் படின், குருத்து முறுக்கிக்கொண்டு செடி கெடும். அம்மருந்து தெளித்த கருவியை நன்கு கழுவாது மரக்கறிக்குப் பூச்சிமருந்து தெளித்தாலும் அவ்வாறே நிகழும். களைநாசினிக்கெனக் கருவி ஒன்றைப் புறம்பாக வைத்து அடையாளமிடுதல் நன்று.

4. நோயென்று எண்ணிப் பிடுங்குதல்

இங்கே உடையவர் நிதானிக்க வேண்டும். வேலையாள் செய்தது சரியாகவும் இருக்கலாம். நோயுற்ற செடியைக் காலந் தாழ்த்தாது அகற்றுமாறு யாமே கமக்காரருக்குச் சொல்லி வருகின்றோம். அனுமதி கேளாதது குறையே. எனினும், செயல் பயிருக்கு நன்மையாயிற்றா தீமையாயிற்றா என்பதைப் பிடுங்கிய செடிகளைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.

மிளகாய்: இலைச்சுருளல் எல்லாம் ஒன்றல்ல. இலை ஓரங்கள் மேல்நோக்கி மடிந்திருப்பின் பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கி மடிந்து இலைக்காம்பு நீண்டிருப்பின் சிற்றுண்ணியின் வேலை. இவை தக்க பரிகாரத்தினால் மீளத் தளிர்க்கக்கூடும், பிடுங்கியது இழப்பே. செடி குறுகி, இலைகள் சிறுத்து நெருங்கி, மஞ்சள் பாய்ந்திருப்பின் வெண்ணீ பரப்பும் வைரசு நோயாகலாம். அச்செடியைப் பிடுங்கியவர் அயற் செடிகளைக் காத்தவராவார்.

கத்தரி, தக்காளி: இலை பச்சையாய் இருக்கச் செடி திடீரென வாடுவதாயின் பற்றீரியா வாடல் என ஐயுறுக. தண்டின் அடிப்பகுதியிலே ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் கிளாசில் தொங்கவிடுக. சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்குமாயின் ஐயம் உறுதியாகும். அச்செடியை வேரைச் சூழ்ந்த மண்ணுடன் அகற்றுதல் முறை. கத்தரியில் இலைகள் மிகச் சிறுத்துக் கொத்தாய், காய்க்காது நிற்பின் அது சிற்றிலை நோய். அதனையும் அகற்ற வேண்டும்.

வெண்டி: இலை நரம்புகள் வலைபோல மஞ்சளாயிருப்பின் நரம்பு மஞ்சளாதல் நோயாம். பிடுங்கியது தகும்.

நோயுற்றதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாற் செய்த நன்மையும் கெட்டுவிடும். வாடல்நோய்க் கிருமி நீரோடு அடுத்த தோட்டத்திற்கும் செல்லும். எரித்தோ ஆழப் புதைத்தோ விடுமாறு வேலையாளுக்குச் சொல்லுக. கண்கூர்மையுள்ள வேலையாள் ஒருவர் வாய்த்தல் கமக்காரருக்குப் பேறாகும். அவரை ஏசாது, "ஐயமுள்ள செடிக்குப் பக்கத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு எனக்குச் சொல்லும்" என்று பழக்கிக்கொள்ளுதல் அறிவுடைமை.

5. விதைக்கு விட்ட செடிகள்

இவ்வகை இழப்பே எல்லாவற்றினும் பெரியது. விதைக்கென விட்ட செடி பார்வைக்குப் பயனற்றதாகத் தோன்றும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கும். பயற்றங்கொடி காய்ந்து சருகாகும். கீரை தண்டு முற்றி மரம்போல நிற்கும். துப்புரவு செய்ய வந்தவரின் கண்ணுக்கு முதலிற் படுவன இவையே.

எமது பிரிவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். வயதான அம்மையார் ஒருவர் தம் மாமியார் காலந்தொட்டுக் கைவிட்டுப் போகாத நீளப் பயற்றை விதையொன்றை ஆண்டுதோறும் இரண்டு பந்தலில் விதைக்கு விட்டு வந்தார். சிறுபோக முடிவில் அவர் வீட்டில் இல்லாத நாளொன்றில், கூலிக்கு வந்தவர் அக்கொடிகள் யாவற்றையும் அறுத்து எருக்கும்பியில் இட்டுவிட்டார். அம்மையார் அன்றைய கூலியையும் கொடாது அவரை அனுப்பிவிட்டார். மறுநாள் விசாரித்தபோது, "காய்ந்ததெல்லாவற்றையும் எடுத்துவிடும்" என்று வீட்டிலிருந்த மருமகளே சொன்னதாகத் தெரியவந்தது. கும்பியைக் கிளறிப் பார்த்ததில் ஈரம் படாத காய்கள் சில அகப்பட்டன. அவற்றிலிருந்து கிடைத்த விதை இரு கைப்பிடிக்கும் குறைவே. அம்மையார் தாமே அவ்வேலையாள் வீட்டுக்குச் சென்று கூலியைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மையார் கொடுத்த விதையிலிருந்து அவருடைய மனைவி வேலியோரம் கொடியொன்று வளர்த்து வந்தமை அங்கே தெரியவந்தது. அடுத்த காலபோகத்திற்கு வேண்டிய விதை அக்கொடியிலிருந்தே பெரிதும் கிடைத்தது.

விதையை ஒரு வீட்டில் மட்டும் வைத்தல் ஆபத்தானது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். நல்ல விதை வைத்திருப்போர் அதில் ஒரு பங்கை அயலவரிடமும் உறவினரிடமும் கொடுத்து வைப்பாராக.

அறுக்கப்பட்ட விதைச் செடியிலிருந்தும் ஓரளவு மீட்கலாம். மஞ்சள் நிறம் பற்றத் தொடங்கிய கத்தரிக்காயையும், தோல் கடினமான பூசணி, பாகல் என்பவற்றையும் உடனே பிளவாமல் ஒரு கிழமை பத்து நாள் நிழலில் வைத்திருந்தால் உள்ளிருக்கும் விதை மேலும் முற்றும். பயற்றங்காய் வெளிறத் தொடங்கியிருப்பின் கொடியோடு தலைகீழாக நிழலிற் கட்டித் தொங்கவிடுக. இவ்வாறு பெற்ற விதையை நம்பி முழுத் தோட்டத்தையும் விதைத்தல் கூடாது. நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்க்க. எண்பதுக்குக் குறையாமல் முளைப்பின் வழக்கமான அளவில் விதைக்கலாம். குறையின் அதற்கேற்பக் கூட்டி ஊன்றுக.

6. எடுத்துச் செல்லுதல்

களை பிடுங்குவோர் புல்லை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கட்டிக்கொண்டு போவதும், பாத்தியோரத்து முளைக்கீரை, பொன்னாங்காணி, முடக்கொத்தான் என்பவற்றைக் கறிக்குக் கொய்வதும் நம்மூர் வழக்கம். இதனைக் களவென்று சொல்ல எவரும் துணியார். ஆனால் வல்லாரையையும் தூதுவளையையும் சிலர் விற்பனைக்கென்றே வளர்க்கின்றனர். வழக்கம் எங்கே முடிகிறது என்பதை உடையவர் முன்னரே சொல்லாதவிடத்து வேலையாளைக் குறைகூற இடமில்லை. நாற்றுமேடையிலிருந்து நாற்றைக் கட்டாக எடுத்து வேறொருவருக்கு விற்பது போன்றவை வேறு; அவை தெரிந்தே செய்யப்படுவன.

வேலியும் மரங்களும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. கிளுவை, பூவரசு, கிளிசரியா முதலிய கதியால்கள் எல்லையைக் காட்டுவன. பொது வேலியாயின் அயலவருக்கும் அவற்றில் உரிமையுண்டு. வேலையாள் தவறாக வெட்டிய கதியால் இரு குடும்பங்களிடையே நீண்ட பகையை விளைத்தல் கூடும். வேலி வேலைக்கு முன் அயலவரையும் அழைத்துக் காட்டுதல் நன்று. வெட்டிய கதியால்கள் முற்றிய தடிகளாயின் எறிந்துவிடாது, மாரி தொடங்கும் காலத்தில் அவ்விடத்திலேயே ஊன்றுக.

பனை வடலியை ஒரு கத்தி வெட்டில் வீழ்த்திவிடலாம். அது ஆணோ பெண்ணோ என்பது பாளை தள்ளிய பின்னரே தெரியும். அதற்குப் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் செல்லும். எனவே வேலியோரத்து வடலிகளை அகற்றுமாறு பொதுப்படச் சொல்லற்க. மேலும் பலா, ஈரப்பலா, பெண்பனை என்பவற்றை, தம் சொந்தக் காணியில் நிற்பினும், அனுமதியின்றித் தறித்தலை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. "வேலையாள் தெரியாமல் தறித்துவிட்டார்" என்று கூறி உடையவர் பொறுப்பினின்றும் எளிதில் விலகலாம் என எண்ணற்க.

7. கூலியும் நட்டமும்

நடந்தது அறியாமையாலாயின், அன்றைய கூலியை மறித்தல் நியாயமன்று. அவர் காலை முதல் மாலை வரை வேலை செய்திருக்கிறார். அவருடைய வீட்டில் அன்றைய உலை அக்கூலியை நம்பியிருக்கிறது. இடைவெளி நிரப்புதல், நிழல் கட்டுதல், நீர் ஊற்றுதல் என்னும் வேலைகளை அவரைக்கொண்டே செய்வித்தல் சிறந்தது. தாம் பிடுங்கியதைத் தாமே நட்டு நீர் ஊற்றியவர் அச்செடியை மறுமுறை மறவார்.

சொல்லியும் கேளாது மீண்டும் மீண்டும் செய்பவரைச் செடியில்லாத வேலைக்கு, அதாவது வரம்பு கட்டல், எரு சுமத்தல் போன்றவற்றிற்கு, மாற்றுக. தெரிந்தே எடுத்துச் சென்றவராயின், நட்டத்தின் பெறுமதியை இருவரும் அறிந்த ஒருவர் முன்னிலையிற் பேசித் தீர்ப்பது முதல் வழி. அவ்வாறு தீராவிடின் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். கைநீட்டுதலும் பலர்முன் இழிவாகப் பேசுதலும் உடையவரையே குற்றவாளியாக்கும்.

8. வேலை தொடங்குமுன்

மேற்கூறிய இழப்புக்களிற் பெரும்பாலானவை, காலையிற் கால் மணி நேரம் செலவிட்டால் நேராமற் போகும். அக்கால் மணி நேரத்திற் செய்யத்தக்கன பின்வருவன:

(அ) வேலையாளோடு தோட்டத்தை ஒருமுறை சுற்றி வருக. எடுக்க வேண்டியதையும் தொடக்கூடாததையும் வாயாற் சொல்வதோடு கையாலும் தொட்டுக் காட்டுக.

(ஆ) களையில் ஒன்றையும் பயிரில் ஒன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக் காட்டி, அவரையும் அடையாளம் சொல்லச் செய்க.

(இ) விதைக்கு விட்ட செடி ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணித்துண்டு கட்டுக. "சிவப்புத் துணி கண்டால் தொடற்க" என்னும் ஒரு விதியை வீட்டார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

(ஈ) முதல் வரிசையை அவர் முடிக்கும் வரை அருகில் நிற்க. பிழை பெரும்பாலும் முதல் வரிசையிலேயே வெளிப்படும்.

(உ) ஐயம் வந்தால் விட்டுவிட்டுக் கேட்குமாறு சொல்லுக. கேட்டதற்காக ஒருமுறை சலித்துக்கொண்டாலும் அவர் மறுமுறை கேட்கமாட்டார்.

(ஊ) பணிப்பவர் ஒருவராக இருத்தல் வேண்டும். தந்தை ஒன்றும் மகன் ஒன்றும் சொல்லுமிடத்துத் தவறு நேர்வது திண்ணம்.

(எ) பிடுங்கியவற்றை மாலை வரை ஓரிடத்திற் குவித்து வைக்கச் சொல்லுக. உடையவர் பார்த்த பின்னரே எருக்கும்பிக்குச் செல்லுதல் வேண்டும்.

(ஏ) நடுகை முடிந்த பின்னும் நாற்றுமேடையிற் பத்துக்கு ஒன்றாக மேலதிக நாற்றை இரண்டு கிழமை வரை வைத்திருக்க. எவ்வகை இழப்புக்கும் அது கைகொடுக்கும்.

பிடுங்கப்பட்ட செடி நோயுற்றதோ அன்றோ என்று துணியமுடியாதவிடத்து, செடியை வேருடன் ஈரத்தாளிற் சுற்றி, அன்றே அல்லது மறுநாட் காலையில் உங்கள் பிரிவுக்குரிய கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுவருக. இயலுமாயின் அதனைப் பிடுங்கிய வேலையாளையும் உடன் அழைத்து வருக. நோயின் அடையாளங்களை இருவருக்கும் ஒருங்கே விளக்கிக் காட்டுவது எளிது.